பதினாறு மார்க் ஞானம்

புத்தகம் அரிதாக இருந்த காலத்தில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் வாசிக்க மாணவர்கள் கேட்டார்கள். ‘லெக்சர்’ என்ற சொல்லின் வேரே வாசிப்புதான். பிறகு அச்சு வந்தது, ஜெராக்ஸ் வந்தது, பிபிடி வந்தது. வாசிப்பு மட்டும் ஓயவில்லை.

நான் படித்த பொறியியல் கல்லூரியில் சார் ஸ்லைடைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக் கேட்போம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், இது ரெண்டு மார்க்கா, பதினாறு மார்க்கா?” என்பான். செமஸ்டர் முழுக்க எங்களுக்கு எழுந்த ஒரே சந்தேகம் அதுதான். எந்த யூனிட்டைத் தைரியமாக விடலாம் என்ற மேற்படிப்பு, வாசலில் ஜெராக்ஸ் கடை அண்ணனிடம். பக்கத்துக்கு ஒரு ரூபாய்.

2014இல் அமெரிக்காவின் ஸ்காட் ஃப்ரீமன் குழு, அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை அலசியது. விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சுமார் 34 சதவீதம் ஃபெயில். பேசவும் விவாதிக்கவும் விட்ட வகுப்புகளில் சுமார் 22. எங்கள் கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. ‘மாணவரைப் பங்கேற்க வைப்பது எப்படி?’ என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கு. மூன்று மணி நேரம் ஒருவரே பேசினார். கேள்விக்கு நேரமில்லை, சான்றிதழும் சமோசாவும் எல்லோருக்கும் கிடைத்தன.