ஒரே ஃபைல், பல கைகள்

கே: கல்லூரியில் ஐந்து பேர் சேர்ந்து ப்ராஜெக்ட் எழுதுகிறோம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ என்று ஒரே ஃபைல் பல பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எதைக் கொடுப்பது? (மாணவி, குருசுக்குப்பம்)

ப: எதையும் கொடுக்க வேண்டாம். ஐவரும் சேர்ந்து உட்கார்ந்து, இருப்பதில் நல்லதை கூகுள் டாக்ஸில் ஏற்றுங்கள். மற்றதை எல்லாம் அன்றே அழித்துவிடுங்கள். இனிமேல் யாரும் யாருக்கும் ஃபைலை அனுப்பக் கூடாது, லிங்க் மட்டும்தான். ஒரே நேரத்தில் நூறு பேர் வரை திருத்த இடம் உண்டு, ஐந்து பேர் தாராளம். யாராவது கை தவறி ஒரு பக்கத்தையே அழித்தாலும் பதற வேண்டாம். ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அப்படியே இருக்கும். நேற்று இரவு இருந்தபடி வேண்டுமென்றால் ஒரு தட்டில் திரும்பிவிடலாம்.

கே: டாக்ஸைப் பகிரும்போது எடிட்டர், கமென்டர், வியூவர் என்று கேட்கிறது. யாருக்கு எது?

ப: எழுதுகிறவருக்கு எடிட்டர். குறை சொல்கிறவருக்கு கமென்டர். மற்றவர்களுக்கு வியூவர்.

கே: எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1970களின் கடற்கரைப் படங்கள் இருக்கின்றன. வலை காயப்போட்ட மணல் தெரிகிறது. இப்போது அங்கே கருங்கல்தான். தெருப் பிள்ளைகள் எல்லா வீட்டுப் படங்களையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்கிறார்கள். எப்படித் தொடங்குவது? (குடும்பத்தலைவி, குருசுக்குப்பம்)

ப: இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள் அம்மா. அந்த மணல் போன கதை இது: 1980களின் பிற்பகுதியில், தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். அந்த வரவைச் சுவர் மறித்துவிட்டது. கடல் எடுப்பது மட்டும் நிற்கவில்லை. அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே ஏறிக்கொண்டே போனது. இதெல்லாம் நிபுணர்களின் அறிக்கைகளில் படமும் கணக்குமாக இருக்கும். எந்த வீட்டு வாசல் வரை படகை இழுத்து நிறுத்தினார்கள், கரைவலை இழுக்க எவ்வளவு தூரம் மணல் இருந்தது என்பதற்கு உங்கள் ஆல்பம்தான் சாட்சி.

செய்முறைக்கு வருவோம். படத்தை ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, வெயில் நேராக விழாத பகல் வெளிச்சத்தில், மொபைலை மேலே நேராகப் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் முகம் கலங்கும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போகும். அதைவிட நல்லது, எல்லாரும் ஒரே கூகுள் டிரைவ் ஃபோல்டரில் நேராக ஏற்றுவது.

படத்தைவிட முக்கியம் படத்தைப் பற்றிய தகவல். கூகுள் ஷீட் ஒன்று போட்டு நான்கு பத்தி வையுங்கள்: எந்த இடம், எந்த ஆண்டு, படத்தில் யார், இதையெல்லாம் சொன்னது யார். ஆண்டு தெரியாவிட்டால் உத்தேசமாக எதையாவது போடாதீர்கள். ‘பெரிய அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம்’ என்று பாட்டி சொன்னால், அதையே எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகை கிடைக்கும் அன்று ஆண்டும் கிடைத்துவிடும். எங்கள் வீட்டுப் பெண்கள் படம் வெளியே போக வேண்டாம் என்று ஒரு வீட்டார் சொன்னால் அந்தப் படம் வெளியே போகக் கூடாது. அதில் பேச்சே இல்லை.

இன்னொன்று: எல்லாவற்றையும் ஒரு பையனின் ஜிமெயிலில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு ஆண்டு திறக்காமல் கிடக்கும் தனிநபர் கணக்கை உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. ஒரு நகலை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வேறொரு வீட்டில் வையுங்கள்.

கே: கடலுக்குப் போகிறவனுக்கு இந்த இணையப் பகிர்வு எல்லாம் எதற்கு? (படகு உரிமையாளர், வைத்திக்குப்பம்)

ப: அண்ணே, இந்தியாவுக்கே இதை முதலில் காட்டியவர்களில் புதுச்சேரி மீனவர்களும் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் இங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். வீராம்பட்டினத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கடற்படை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருந்த அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் பேசிப் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் ஊருக்குப் போட்டார்கள். வல்லரசு தன் கப்பலுக்காகப் போட்ட கணக்கு நம்ம ஊர் கட்டுமரத்துக்குப் பயன்பட்டது. பகிர்வு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று நல்லவாட்டில் நடந்ததையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூரில் வேலையில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். ஊர்க்காரர்கள் அங்கிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அதன் ஒலிபெருக்கியிலேயே எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். ஊர் உயிர் பிழைத்தது. கருவி இருந்தது, அது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது.

இன்று ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பு மொபைலிலேயே கிடைக்கிறது. அதை உங்கள் படகு குரூப்பில் போட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். போடும்போது தேதியைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். முந்தாநாள் காற்று எச்சரிக்கை இன்றைக்கு ஃபார்வேர்டு ஆகி வந்தால் ஆபத்து.

கே: ஷேர்இட் போனபின் பெரிய வீடியோவை நெட் இல்லாமல் பக்கத்துப் போனுக்கு எப்படி அனுப்புவது?

ப: ஷேர்இட்டும் ஜெண்டரும் 2020 ஜூன் 29 தடைப் பட்டியலில் போயின. ஆண்ட்ராய்டில் ‘குவிக் ஷேர்’ இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

கே: பிரான்ஸில் இருக்கும் அண்ணன், தாத்தாவின் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதுமா? (முத்தியால்பேட்டை)

ப: போடவே போடாதீர்கள். குரூப்பில் போட்ட தாள் எத்தனை போனில் போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு ஃபோல்டரில் வைத்து, அண்ணனின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் பார்க்கும் அனுமதி கொடுங்கள். ‘லிங்க் உள்ள எவரும்’ என்ற தேர்வு பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொட வேண்டாம். வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள். மூலத்தாள்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

கே: பழைய சங்க மலரை ஒருவர் அனுப்பினார். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

ப: கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினால் தமிழ் வந்துவிடும். மாற்றியபின் ஒரு முறை மெய்ப்புப் பாருங்கள், ஒற்றும் கொம்பும் சில இடங்களில் நழுவும்.

இந்தத் தொல்லையைத் தாண்டி வந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்தார்கள், மின்னஞ்சலில் அனுப்பினார்கள், வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார். முதலில் பழைய எழுத்துரு, பிறகு டிஸ்கி குறியேற்றம், பிறகு யூனிகோடு என்று மாற்றி மாற்றி இன்று வரை காப்பாற்றி வருகிறார்கள். அப்போது கூகுள் டாக்ஸ் கிடையாது. யார் எதை அடிப்பது, யார் சரிபார்ப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பேச்சு இல்லாமல் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் வேலை நடக்காது.

கே: பெரிய கம்பெனியை நம்பாமல் இதையெல்லாம் நாமே நடத்த முடியாதா?

ப: முடியும். நெக்ஸ்ட்கிளவுட் என்ற கட்டற்ற மென்பொருளை நம் சொந்த சர்வரில் நிறுவலாம். ஆனால் மின்சாரம், பேக்கப், பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் இருந்தால் செய்யுங்கள், நான் முழு மனதோடு ஆதரிப்பேன்.

கே: தெருச் சங்கத்தின் வரவு செலவு முழுக்க ஒரு கூகுள் ஷீட்டில். அது செயலாளர் பெயரில் இருக்கிறது. அவர் மகள் வீட்டுக்கு சென்னைக்கே குடிபோகிறார். என்ன செய்வது?

ப: சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். மீட்பு எண்ணாகத் தலைவருடையதையும், மீட்பு மின்னஞ்சலாகப் பொருளாளருடையதையும் கொடுங்கள். ஷீட்டைப் பகிரும் பெட்டியில் ‘டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்’ என்று இருக்கும். செயலாளர் அதை அழுத்தி, புதிய கணக்கில் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். அவர் பஸ் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.