அதிகாரிகளின் அந்தரங்கம்

குடிமக்களே, உங்கள் அந்தரங்கம் இனி பத்திரம். ஆதார் வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய மத்திய அரசு, மனம் மாறி 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

உங்கள் தரவை ஒரு நிறுவனம் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். உங்களுக்கா? ஆசையைப் பாருங்கள்! அத்தனையும் இந்தியத் தொகுப்பு நிதிக்கு. பறிகொடுத்தவர் நீங்கள், பணம் வாங்கிக்கொள்வது அரசு. நீங்கள் கொடுத்த புகார் பொய் என்றோ அற்பம் என்றோ முடிவானால் 10,000 ரூபாய் வரை நீங்களே கட்ட வேண்டும். அரசே கோட்டைவிட்டால்? நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் எழுதி, வேண்டிய அரசு அமைப்புக்கு விலக்கு அளிக்க 17ஆம் பிரிவு இருக்கிறது.

புகார்களை விசாரிக்க ஒரு வாரியமும் உண்டு. உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. பதவிக்காலம் இரண்டே ஆண்டு, மறுநியமனம் பெறலாம். அவர்கள் அரசை எதிர்த்துத் தீர்ப்பு எழுதுவார்களாம். பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்தாலும் முளைக்கும், காத்திருப்போம்.

வயிறு எரிவது இந்தச் சட்டத்தின் 44(3)ஆம் பிரிவைப் படிக்கும்போதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம் என்றிருந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றும் இருந்தது. இரண்டையும் வெட்டியாயிற்று. இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொன்னாலே போதும், கதவு சாத்தப்படும். ராஜஸ்தான் கிராமங்களில் கூலிப் பதிவேடான மஸ்டர் ரோலை ஊர் கூடி வாசித்தபோதுதான் செத்தவர்கள் கூலி வாங்கிய கதை வெளியே வந்தது. பெயரும் தனிப்பட்ட தகவல்தானே? இனி அந்தப் பிணங்களின் அந்தரங்கத்தையும் காப்பாற்றுவார்கள்.

பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) அப்படியே இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது. பொதுநலன் உண்டா இல்லையா என்று முதலில் முடிவு செய்பவர், ஃபைலை மறைத்து வைத்திருக்கும் அதே அலுவலகத்துக்காரர்.

அலுவலகங்கள் எப்படிப் பதில் சொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2020இல், அரசின் கொரோனா செயலியான ஆரோக்கிய சேதுவை உருவாக்கியது யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்தச் செயலியின் இணையதளத்திலேயே பெயர் போட்டிருந்த தேசியத் தகவலியல் மையம், தகவல் இல்லை என்று கைவிரித்தது. மத்திய தகவல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பிக் கண்டித்தது. அந்த ஆணையர்களின் சம்பளத்தையும் பதவிக்காலத்தையும் 2019லேயே மத்திய அரசு தன் கைக்குக் கொண்டுபோய்விட்டது.

ஓட்டுக் கேட்டு அடுத்த முறை வாசலுக்கு வரும் எம்.பி.யிடம், 44(3)க்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேளுங்கள். அது தனிப்பட்ட தகவல் என்றால், உங்கள் ஓட்டும் அப்படித்தான் என்று சொல்லி அனுப்புங்கள்.