கொடைக்குக் காத்தாடி பிளேன்

ஏல மருமவனே, கோயில் கொடைக்குத் தனி பிளேன் பிடிச்சு வாரியாமே! உங்கம்மை தெருத்தெருவா சொல்லிட்டுத் திரியுதா. நல்லா வா. நம்ம சுடலைமாடனுக்கும் ஒரு கெத்து வேண்டாமா? ஆனா முன்பணம் கட்டுததுக்கு முன்னால மாமன் சொல்லுததயும் காதுல போட்டுக்க. தூத்துக்குடி வாகைகுளம் ஏர்போட்ல காவலுக்கு நின்னவன் நான். உடம்பு வேலிக்கு இந்தப் பக்கம் நின்னாலும் கண்ணு அந்தப் பக்கந்தான்.

நீ பேசியிருக்க கிங் ஏர் பி 200 நல்ல சாமான்தான். 1964-ல இருந்து வார பரம்பரை. ரெண்டு எஞ்சின், ரெண்டு காத்தாடி. அந்த எஞ்சினுக்கு ஒரு கோணப்புத்தி உண்டு: பின்பக்கமா காத்த இழுத்து, முன்னால காத்தாடிக்கிட்ட இருக்க குழாய் வழியா புகைய விடும். காத்தாடி இருக்கேன்னு எளக்காரமா நெனைக்காத. உள்ள சுத்துதது டர்பைன், ஜெட்டு குடிக்க அதே எண்ணெயத்தான் இதுவும் குடிக்கும். எறங்கின உடனே காத்தாடி எலையத் திருப்பிப் போட்டு எதிர்க்காத்து அடிச்சு நின்னுரும். நம்ம ஓடுபாதை வெறும் 1350 மீட்டரா கெடந்த காலத்துல, காத்தாடி பிளேனுதான் இங்க வந்து போச்சு. இப்பம் அத 3115 மீட்டர் ஆக்கி, 2025-ல புது டெர்மினலும் தொறந்தாச்சு. பெரிய ஜெட்டே வரலாம். நீ அதக் கேக்காம விட்டியே, அதுவரைக்கும் உன் சொத்து தப்பிச்சு.

எட்டு சீட்டுன்னு ஏஜென்ட் சொன்னானா? எண்ணிப் பாத்தியா? இந்தச் சாதி பிளேன் பலதுல கடைசி சீட்டு வால்பக்கம் தெரைக்குப் பின்னால இருக்கும். மூடியத் தூக்கினா கக்கூஸ். பெல்ட்டும் போட்டிருப்பாம். அதுல யார உக்கார வைக்கன்னு இப்பமே முடிவு பண்ணிக்க, உன் மச்சினன் கோவக்காரன். உள்ள உயரம் நாலே முக்கால் அடிதான். லட்ச லட்சமா குடுத்தாலும் குனிஞ்சுதான் போணும். கடன் கேக்கப் போன பேங்க்லகூட நீ இவ்வளவு குனிஞ்சிருக்க மாட்ட.

பொறவு எடை. பிளேன், எண்ணெ, ஆளு, பெட்டி எல்லாஞ் சேத்து 5,670 கிலோவுக்கு மேல இருந்தா எழும்பக் கூடாது. அதனால ஒவ்வொருத்தர் எடையும் கேப்பாம். உங்க சித்தி கல்யாணத்தப்ப இருந்த எடையச் சொல்லுவா, நம்பிராத. ஒரு எஞ்சின் நின்னாலும் இன்னொண்ணு கொண்டு சேக்கும்னு சொல்லுதாம்லா, அது இந்தக் கணக்கு சரியா இருந்தாத்தான். சாமிக்கு நேந்த ஆறடி அருவாளையும் மடியில வச்சுக்கிட்டு ஏறலாம்னு நெனைக்காத. தனி பிளேனுக்கும் செக்கிங் உண்டு. அருவாள ஆம்னி பஸ்ல போட்டு விடு.

வாடகைக்கு வாரேன். மணிக்கு ஒரு லட்சத்துக்கு மேல. மெட்ராஸ்ல இருந்து ஒண்ணேகால் மணி நேரப் பயணந்தானன்னு வெரல மடக்குதியே, பிளேன் நிக்கது பெங்களூர்லலா! அது காலியா மெட்ராஸ் வாரதுக்கும் நீதான் கட்டணும். கொடை முடியுத மட்டும் இங்கன நின்னா காத்திருப்புக் கூலி, பைலட் ரெண்டு பேருக்கும் ஓட்டல். திரும்பிப் போயிட்டு வாடான்னா போறதுக்கொரு கூலி, வாரதுக்கொரு கூலி. கணக்கும் பறக்கையில தொடங்காது, சக்கரம் உருண்ட நிமிசமே தொடங்கிரும். அதுக்கு மேல ஜி.எஸ்.டி. சாமக்கொடை முடிஞ்ச கையோட கெளம்பணும்னா அதுவும் லேசில்ல. ஏர்போட்டுக்குத் தொறக்க, அடைக்க நேரம் உண்டு. பைலட்டும் இத்தன மணி நேரந்தான் வேலை பாக்கணும்னு சட்டம். சாமியாடி உத்தரவு குடுத்தாலும் அவம் எந்திரிக்க மாட்டாம்.

இன்னொருத்தன் வருவாம். "எங்க மொதலாளியோட சொந்தப் பிளேன் சும்மா நிக்கு, எண்ணெக் காசு குடுத்தாப் போதும்"பாம். வெள்ளை போர்டு காரை டாக்சிக்கு விடுத அதே சோலி. வாடகைக்கு ஓட்ட விமானத்துறை ஆபீஸ் டி.ஜி.சி.ஏ. குடுக்க பெர்மிட் வேணும். அது இல்லாத பிளேன்ல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் திரும்பிப் பாக்க மாட்டாம். பெர்மிட்டக் கண்ணால பாரு. ரெண்டு பைலட் வாராங்களான்னும் கேளு. ஒத்த ஆளே ஓட்டுத மாதிரிதான் இந்தப் பிளேனச் செஞ்சிருக்கான், அதனால மிச்சம் பிடிக்க நெனைக்கவன் இருப்பாம்.

இது மட்டும் வெளையாட்டில்ல. மேகம் கறுத்துக் கெடக்கு, போவ வேண்டாம்னு பைலட் சொன்னா, கொடைக்கு நேரமாச்சுன்னு அவன வெரட்டாத. 2001 செப்டம்பர் 30-ந் தேதி கான்பூர் கூட்டத்துக்குப் போன காங்கிரஸ் தலைவர் மாதவ்ராவ் சிந்தியா பிளேனு மெயின்புரி பக்கம் மோசமான வானிலையில விழுந்து, எட்டுப் பேரும் போயிட்டாங்க. அதுவும் கிங் ஏர் குடும்பந்தான், சி 90. சாமி ஒரு நாள் காத்துக் கெடக்கும். வில்லுப்பாட்டுக்காரனுக்கு நான் காப்பி வாங்கிக் குடுத்துச் சமாளிச்சுக்கிடுதேன்.

இவ்வளவையும் கேட்டுட்டுப் பின்வாங்கிராதடே! உங்கம்மை என்னத்தான் ஏசுவா. பிளேன்லயே வா. திரும்பிப் போவையிலே சித்தி எப்படியும் எடை சொல்ல வெக்கப்பட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஏறிருவா. அவ எடம் சும்மாதான கெடக்கும்? மாமனுக்கும் மெட்ராஸ்ல கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டிக் கெடக்கு. என் எடை 52 கிலோ, வேட்டியோட. எழுதிக்க. ஆனா தெரைக்கு முன்னால இருக்க சீட்டு.