பாரி மகளிருக்குக் கிடைத்த வாழ்வு

2007 ஜூனில் ஊர் திரும்பிய ஒருவரை நாம் இன்னும் போதுமான அளவு புகழவில்லை. ஏவி.எம். தயாரித்து ஷங்கர் இயக்கிய ‘சிவாஜி’யின் நாயகன் அவர். அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்து, 200 கோடி ரூபாயோடு சென்னையில் வந்து இறங்கினார். ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவமனையும் கல்லூரியும் கட்டித்தருவது அவர் கனவு. அந்தப் படம் நமக்குச் செய்த நன்மைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நன்மை, அது நம் மனத்தை வருத்தவில்லை. இந்த மண்ணுக்குத் திரும்பி வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேரா? 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, நீலகிரியில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். வளைகுடாவிலிருந்து கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு வந்து, தன் பிள்ளைக்கே அடையாளம் தெரியாமல் நிற்கும் தகப்பன் இருக்கிறான். வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்காமலே திரும்பிய பெண் இருக்கிறாள். இத்தனை பேருக்கும் இடம் கொடுத்தால் படம் எப்போது முடியும்? ஒரே ஒருவரைப் பொறுக்கி எடுத்த தெளிவைப் பாராட்ட வேண்டும். அதே ஏவி.எம். அரங்கில் உருவான ‘பராசக்தி’யில், 1952-இல், ரங்கூனிலிருந்து வந்த குணசேகரன் கையிலிருந்ததைப் பறிகொடுத்துத் தெருவில் அலைந்தான். 55 ஆண்டுகளில் திரும்பி வருபவரின் நிலை எவ்வளவு உயர்ந்துவிட்டது!

இரண்டாவது, தமிழ்ப் பண்பாட்டின் மேல் அந்தப் படத்துக்கு இருந்த அக்கறை. நாயகனுக்குப் பண்பாடு மாறாத தமிழ்ப் பெண்தான் வேண்டும். தேடல் வீண்போகவில்லை. வடக்கிலிருந்து நடிகை வந்தார், குரலை வேறொருவர் தந்தார், தமிழ்ச்செல்வி என்ற பெயரைப் படம் தந்தது. ஒரு தமிழ்ப் பெண்ணை உருவாக்க இத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, தொழில்நுட்பம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் கறுத்த முகத்தாலேயே தமிழ்நாட்டின் நெஞ்சை ஆண்டவர் ரஜினிகாந்த். கறுப்பாகப் பிறந்த கோடிப்பேர் அந்த முகத்தைப் பார்த்து நிமிர்ந்து நடந்தார்கள். அந்த முகத்தையே ஒரு பாடல் முழுக்க வெள்ளைக்காரத் தோலாக மாற்றிக் காட்டினார்கள். ஒரு சட்டகத்தில்கூடப் பிசிறு தெரியவில்லை. சிறப்புக் காட்சி விளைவுகளுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்கே கிடைத்தது. வேலை அவ்வளவு சுத்தம்.

கடைசி நன்மைதான் பெரியது. பாரி மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் கபிலர் அழைத்துக்கொண்டு போய், விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் பேசினார். அவர்கள் இணங்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் நிறத்தைப் பழித்ததாகப் பாட்டு எதுவும் இல்லை. அந்தக் குறையை இந்தப் படம் தீர்த்துவைத்தது. அங்கவை, சங்கவை என்று மரபு சொல்லும் பெயர்களையே எடுத்து, முகத்தில் கருமையை அப்பிய இரண்டு பெண்களுக்குச் சூட்டியது. அவர்களைக் கண்டதும் அமெரிக்கா பார்த்து வந்தவர் ஓடினார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது.

சங்க காலப் பெயர்களைப் பிள்ளைகள் மனத்தில் பதியவைக்கத் தமிழாசிரியர்கள் எத்தனை காலம் தொண்டை வறளக் கத்தினார்கள்! அவர்களால் ஆகாததை ஒரு படம் ஒரே கோடையில் முடித்தது. அந்த ஆண்டு எத்தனையோ வகுப்பறைகளில் கறுத்த பெண்பிள்ளைகளுக்கு அங்கவை என்றும் சங்கவை என்றும் பெயர் வந்தது. வீட்டுக்கு வந்து அழுத பிள்ளைகளுக்கு அவை பறம்புமலை அரசனின் மகளிர் பெயர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கபிலர் இரண்டு அரண்மனைகளில் கேட்டும் அந்தப் பெண்களுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. இந்தப் படமோ ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இடம் பிடித்துக் கொடுத்தது.