இடிக்கும் முன் படிக்கலாமே!

கேள்வி: பழைய அணைக்கட்டில் ஒரு பகுதியை எடுப்பதற்கு முன் தொல்லியல் ஆய்வு வேண்டும் என்கிறார்களே, அது வீண் தாமதம்தானே?
– வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: வீண் இல்லை அம்மா, விளைச்சல்! 1829இல் காவிரிப் பாசனப் பொறுப்புக்கு வந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், மணல் மேவிக் கிடந்த கல்லணையைச் சிறுசிறு பகுதியாகப் பிரித்து மணற்போக்கிகள் அமைத்தார். பிரித்த இடத்தில் அடித்தளத்தையும் ஆராய்ந்தார். ஆற்று மணலில் பாறைகளைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே அடுக்கி, அசையாத அடித்தளம் போட்ட நம் முன்னோரின் நுட்பம் அவருக்குப் புரிந்தது. அந்தப் பாடம் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையாக எழுந்தது. படித்தது காவிரியில், பலன் கோதாவரியிலும்!

உங்கள் பாலாற்றில் வாலாஜா அருகே 1858இல் கட்டிய அணைக்கட்டு, பல்லவர் காலக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் தருகிறது. இத்தகைய கட்டுமானத்தில் கடப்பாரை இறங்கும் முன், ஒவ்வொரு கல் வரிசையையும் அளந்து, வரைந்து, படமெடுக்க வேண்டும். சாந்து பழைய சுண்ணாம்பா, பிற்காலச் சிமென்ட்டா? கல்லில் ஆப்பு அடித்துப் பிளந்த தழும்பு உண்டா? எங்கிருந்தோ எடுத்துவந்து பதித்த கல்வெட்டுத் துண்டு ஏதும் உள்ளதா? இடித்த பிறகு இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

உடலையும் கரையையும் கோத்து நெய்த கோர்வைப் புடவையில் கரையைப் பிரிப்பவர், இணைப்பு எங்கே என்று முதலில் தேடுவார். அணைக்கும் அதே மரியாதை வேண்டும். அளந்து இடித்தால் பழுது போகும். அளக்காமல் இடித்தால் வரலாறும் சேர்ந்து போகும்.