ஒரு கிலோச் சொச்சத்துக்கு ஏம்ல அழுத?

ஏலே, விடிஞ்சும் விடியாமலும் அந்தக் கண்ணாடிப் பலகை மேல ஏறி நிக்கியே, அது என்ன சாமி சன்னதியா? நேத்து 78.2. இன்னைக்கு 79.4. அதுக்குப் போயி காப்பித்தண்ணி கூடக் குடிக்காம மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. போன்ல கோடு மேல ஏறிட்டாம்லா!

சரி, ஒரு கணக்குச் சொல்லு. ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7,700 கலோரின்னு நீதான சொன்ன? அப்போ ராத்திரியோட ராத்திரியா அம்புட்டுக் கொழுப்பும் ஏறணும்னா, வழக்கமாத் திங்கதுக்கு மேல 150 இட்லியாவது உள்ள போயிருக்கணும். எப்பம்ல தின்ன? எங்களக் கூப்பிடவே இல்லியே!

நேத்து கல்யாண வீட்டுல பிரியாணி, அப்பளம், ஊறுகான்னு ஒரு பிடி பிடிச்சல்லா? அத்தனையும் உப்பு. ஆஸ்பத்திரியில ஏத்துத உப்புத்தண்ணியில லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஒடம்பும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குலதான் தண்ணியப் பிடிச்சு வைக்கும். ரெண்டு மூணு நாள்ல உப்பு வெளிய போவும், தண்ணியும் பின்னாலயே போவும். தின்ன சோறு வேற இன்னும் கொடலுக்குள்ள கெடக்கு. அதுக்கு எடை கெடையாதா?

சோத்த விட்ட மொத வாரத்துல ரெண்டு கிலோ எறங்கிட்டேன்னு தெருவெல்லாம் தமுக்கடிச்சியே, அதுலயும் பெரும்பங்கு தண்ணிதாம்ல. ஈரலும் சதையும் சேத்து வைக்க மாவுச்சத்துல கிராமுக்கு மூணு கிராம் தண்ணி ஒட்டிக் கெடக்கும். இது கரைஞ்சா அதுவும் போவும். அன்னைக்கு மட்டும் தராசு சத்தியவந்தனா இருந்துச்சோ?

கரிசக்காட்டுல சில பயக பருத்திய நிறுக்கதுக்கு முந்தி தண்ணி தெளிப்பானுவ. தட்டு தாழும். பருத்தி கூடிருச்சா? யாவாரி பொதிக்குள்ள கைய விட்டுப் பார்த்துட்டு, "காயப்போட்டுக் கொண்டாரும்வே"ன்னுருவான். எட்டாங்கிளாசு தாண்டாதவன் அவன்.

இத்தாலியில சாந்தோரியோன்னு ஒரு வைத்தியரு. தராசுல நாற்காலியத் தொங்கவிட்டு, அதுல ஒக்காந்தே சாப்பிட்டாராம். வருசக்கணக்கா நிறுத்து, கண்ணுக்குத் தெரியாமலே ஒடம்புலேர்ந்து எம்புட்டோ ஆவியாப் போவுதுன்னு 1614ல புத்தகமே போட்டாரு. ஒரு நாள் கூடுனதுக்கு அந்த மனுசன் ஒப்பாரி வச்சதாக் கேள்விப்படல.

காலையில கொல்லைக்குப் போயிட்டு, வெறும் வயித்தோட ஏறு. எழுதி வை. ஏழு நாள் கணக்கையும் கூட்டி ஏழால வகு. அதப் போன வாரத்தோட வச்சுப் பாரு. இஞ்சினியருக்குல்லா படிச்சிருக்க, வகுக்க வரும்லா?