எழுதியவர் பெயர் அழைப்பிதழில் இல்லை

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெறப்போகிறார் என்றால் முதலில் கணக்குப் பிரிவுக்குத் தெரியும், அடுத்து எனக்கு. மாதக் கடைசி நெருங்கும்போது யாராவது என் மேசைப் பக்கம் வந்து கையைப் பிசைவார். "ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிட்டாங்க சார், நீங்கதான் கொஞ்சம்..." என்று இழுப்பார். அந்த இரண்டு வார்த்தை பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்குக் குறையாது. கூலி, கேன்டீன் காப்பி. வடை உண்டா இல்லையா என்பது பேசப்போகிறவரின் பதவியைப் பொறுத்தது.

இந்தத் தொழிலுக்கு வயது ஏறக்குறைய 2,400 வருஷம் என்று படித்த நாளில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். பழைய ஏதென்ஸில் வழக்கு என்று வந்துவிட்டால் வாதியும் பிரதிவாதியும் தாங்களே எழுந்து பேச வேண்டும். எதிரே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவர்கள் நூற்றுக்கணக்கான பொதுஜனம். பெரிய வழக்குக்கு 501 பேர். பாவம், எண்ணெய் விற்கிறவன் அத்தனை பேர் முன்னால் என்ன பேசுவான்? அதனால் காசுக்குப் பேச்சு எழுதித் தருகிறவர்கள் முளைத்தார்கள். வாங்கிப்போனவன் நெட்டுருப் போட்டு, அப்போதுதான் தோன்றியதுபோல ஒப்பிப்பான்.

பேச்சுக் கலையையே ஒரு பாடமாக்கியது அதற்கும் சற்று முன்னால், சிசிலித் தீவின் சிராகூஸ் நகரம் என்பார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே கொடுங்கோலர்கள் விழுந்ததும், பறிபோன நிலபுலன்களைத் திரும்பக் கேட்டு ஊர் முழுக்க வழக்கு. ஆக, மேடைப் பேச்சின் மூல ஊற்று மொழிப்பற்றும் அல்ல, நாட்டுப்பற்றும் அல்ல, நிலத்தகராறு. வரப்புச் சண்டையில் நம் ஊர்ப் பெரியவர்கள் பேசிக் கேட்டவர்கள் இதை உடனே நம்பிவிடுவார்கள்.

அந்த சிராகூஸிலிருந்து ஏதென்ஸுக்குக் குடிவந்தவரின் மகன் லிசியஸ். எங்கள் தொழிலுக்கு அவரைத்தான் குலதெய்வமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். கேடயம் செய்யும் பட்டறை வைத்திருந்த பணக்காரக் குடும்பம். கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பது பேர் கும்பல் சொத்தைப் பிடுங்கிக்கொண்டது, அண்ணனையும் கொன்றது. கும்பல் ஒழிந்த பிறகு லிசியஸ் எழுத உட்கார்ந்தார். வெளியூர்க்காரர் என்பதால் ஏதென்ஸின் மக்கள் சபையில் அவருக்கு வாய் திறக்க உரிமை கிடையாது. ஊரில் பாதிப் பேர் அவர் எழுதியதைத்தான் பேசினார்கள் என்று சொல்ல ஆசை. அந்த அளவுக்கு வேண்டாம், நிறையப் பேர் பேசினார்கள்.

அவர் பெயரில் உள்ள பேச்சுகளில் ஒன்று, கால் ஊனமுற்ற ஒருவருக்காக எழுதியது. அவருக்கு அரசு உதவித்தொகை நாளுக்கு ஒரு ஓபோல், சில்லறைக் காசு. இந்த ஆள் குதிரை ஏறுகிறான், இவனுக்கு எதற்கு உதவி என்று ஒருவர் புகார் கொடுத்துவிட்டார். பதில் என்ன தெரியுமா? வசதி இருந்தால் மெத்தை போட்ட கோவேறு கழுதையில் சொகுசாகப் போயிருப்பேனே, எதற்கு ஊரான் குதிரையை இரவல் கேட்கிறேன்? மற்றவர்கள் ஒரு கோல் ஊன்றுகிறார்கள், நான் இரண்டு ஊன்றுகிறேன். அதையும் என் உடல் வலுவுக்குச் சாட்சி என்று இவர் ஏன் சொல்லவில்லை? படிக்கும்போது லிசியஸ் கண்ணிலேயே படுவதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசும் ஒரு குறும்புக்காரக் கிழவர்தான் தெரிகிறார்.

வித்தையே அங்கேதான் இருக்கிறது. பேசுகிறவர் வாய்க்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும். எங்கள் ஸ்டோர் கீப்பர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் "ஸ்டாக் இல்ல" என்பதற்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் வாயில் 'பாசப் பறவைகளே' என்று வைத்தால் பறவை பறந்துவிடும். அவருடைய பிரிவு உபசார விழாவுக்கு நான் எழுதிக்கொடுத்தது மொத்தம் ஐந்து வரி. கடைசி வரி: "இத்தனை வருஷமா ஸ்டாக் இல்லன்னு சொன்னேன், பாதி நேரம் இருந்துச்சு." கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆனது. மேலாளர் மட்டும் தட்டவில்லை.

புகழுரை எழுதுவது இதைவிடச் சுலபம். நடந்ததைப் பற்றி வழக்காடும் பேச்சு, நடக்க வேண்டியதைப் பற்றி ஆலோசிக்கும் பேச்சு, புகழ்ந்தோ இகழ்ந்தோ பேசும் பேச்சு என்று அரிஸ்டாட்டில் மூன்றாக வகுத்தார். நம் மேடைக்கு மூன்றாவதில் முதல் பாதி போதும். ஓய்வு பெறுகிறவரும் இறந்துபோனவரும் ஒரே மாதிரி நல்லவர்கள்தான். வினைமுற்றை மாற்றினால் வேலை முடிந்தது. இதற்கும் முன்னோடி உண்டு. போரில் இறந்தவர்களுக்கான ஓர் இரங்கல் உரையை, ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளீஸ் பேசியதில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டி அஸ்பாசியா என்ற பெண்மணி தயாரித்தார் என்று பிளேட்டோவின் நூலில் சாக்ரடீஸ் கேலி செய்கிறார். அப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டால் தனக்கு உயரம் கூடியதுபோல் இருக்கும், அந்த மிதப்பு மூன்று நாளுக்கு மேல் நிற்கும் என்றும் சொல்கிறார். நம் பாராட்டு விழா நாயகர்களுக்கு அது பொன்னாடை மடிப்புக் கலையும்வரை நிற்கும்.

நேரக் கட்டுப்பாட்டிலும் ஏதென்ஸ்காரர்கள் கெட்டி. துளையுள்ள மண்பானையில் தண்ணீர் ஒழுகும். ஒழுகி முடிந்தால் பேச்சும் முடிந்தது. அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஆறு நிமிஷத்தில் காலியாகிவிடுமாம். ஆனால் சாட்சியத்தையோ சட்டத்தையோ வாசிக்கும்போது துளையை அடைப்பதுண்டு, அந்த நேரம் கணக்கில் வராது. நாமும் 'அவர்களே, அவர்களே' பட்டியலுக்குத் துளையை அடைத்துவிடலாம் என்று விழாக்குழுச் செயலாளர் ஒருவரிடம் யோசனை சொன்னேன். "அதை எடுத்துட்டா மிச்சத்துக்கு எதுக்கு சார் பானை?" என்றார். அனுபவசாலி.

போன மாதம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மச்சினன் மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துரை கேட்டு வாங்கிப்போனார். மறுநாளே திரும்பி வந்தார். "முதல் தடவை படிச்சப்போ பிரமாதம் சார். ரெண்டாந்தடவை சுமார். மூணாவது தடவை ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதே புகாரோடு லிசியஸிடம் ஒருவன் வந்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நீ நீதிமன்றத்தில் ஒரே தடவைதானே பேசப்போகிறாய் என்று சிரித்தாராம் லிசியஸ். நானும் அதே சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "சபையில ஒரு தடவைதானே படிக்கப்போறீங்க?" என்றேன்.

"வீடியோ எடுக்கறாங்களே சார்."